கதிருக்கு மானியம், தட்டைக்கு?

"சோளம் போட்டா கவர்மெண்டுல காசு தர்றாங்களாமே, எம்புட்டு தம்பி?"

வைகாசி பாதி தாண்டிவிட்டால் இந்தக் கேள்வி இல்லாமல் என் கடையில் ஒரு நாள் போகாது. டி.கல்லுப்பட்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். சிட்டா எடுக்க, சிறு குறு விவசாயி சான்றுக்கு, பிஎம் கிசான் ஏன் நின்றுபோச்சு என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் ஆள் வரும். வீட்டிலும் சித்தப்பா இன்னும் சோளம் போடுகிறார், கொஞ்சம் கரிசல், கொஞ்சம் செவக்காடு. அதனால் பேப்பரில் வரும் அறிவிப்பும் தெரியும், அது காட்டுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதும் தெரியும். கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கணக்கு. சோளத்துக்கு என்று வரும் உதவியில் பெரும்பகுதி உங்கள் கையில் ரொக்கமாக விழாது. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு இயக்கத்தில் சான்று பெற்ற விதைக்குப் பாதி விலை மானியம், அதுவும் கிலோவுக்கு 30 ரூபாய் வரைதான். இந்தத் திட்டத்தில் நூற்றுக்கு 60 டெல்லி போடும், 40 மாநிலம் போடும். சரி, மானாவாரியில் தானியத்துக்காக விதைத்தால் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 15 கிலோ, அதாவது ஏக்கருக்கு 6 கிலோ. ஆறு முப்பது நூற்றி எண்பது. ஏக்கருக்கு 180 ரூபாய் மிச்சம் பண்ண வேளாண் துறை விதை கொடுக்கும் டெப்போவுக்கு பஸ் ஏறி, சிட்டா நகல், ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் எடுத்து, ஏஓ, அதாவது வேளாண்மை அலுவலர், வரும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு நாள் சோலி கெட்டு வாங்கி வர வேண்டும். அந்த நகல்களை எடுத்துக் கொடுத்துக் காசு பார்ப்பவன் நானே இதைச் சொல்கிறேன், வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்தத் தொகையை நம்பி யாரும் சோளத்துக்கு மாற மாட்டார்கள் என்கிறேன்.

இதைவிடக் கொஞ்சம் கனமானது செயல்விளக்கத் திடல், அதாவது சாகுபடி முறையை மற்றவர்களுக்குக் காட்ட ஒரு விவசாயி காட்டிலேயே போடுவது. ஹெக்டேருக்கு 6,000 ரூபாய், ஏக்கருக்குப் பார்த்தால் 2,400. இது பெரும்பாலும் பொருளாக வரும்: விதை, உயிர் உரம், நுண்ணூட்டம் என்று. ஊருக்குச் சில பேருக்குத்தான் கிடைக்கும். அந்தச் சில பேர் யார் என்று ஊரில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

எனக்குப் பிடித்த மானியம் ஒன்று உண்டு, கோடை உழவு. 2025-26 வேளாண் பட்ஜெட்டில் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று 3 லட்சம் ஏக்கருக்கு 24 கோடி ஒதுக்கினார்கள். ஏக்கருக்கு 800 வரும். எப்படியும் சித்திரை வைகாசியில் ஒரு மழை விழுந்ததும் ஒன்பது கொத்துக் கலப்பையை விட்டு ஒரு ஓட்டு ஓட்டத்தான் போகிறோம், களையும் சாகும், கூட்டுப்புழுவும் வெயிலில் காயும், அடுத்த மழைத்தண்ணீரும் உள்ளே இறங்கும். நாம் ஏற்கனவே செய்கிற வேலைக்குக் காசு வருகிறது, புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டாம், யாரையும் ஏமாற்றவும் வேண்டாம். இப்போது டிராக்டருக்கு மணிக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள், முழுச் செலவும் இதில் அடங்காதுதான், ஆனாலும் டீசல் காசாவது வருகிறதே.

இதெல்லாம் போக, சிறுதானிய இயக்கம் என்று மாநில அரசு 2022-23இல் ஆரம்பித்தது. அந்த வருடம் அதற்கு 92 கோடி. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது, டெல்லியில் ஸ்ரீ அன்னம் என்று பெயர் வைத்தார்கள், மதுரையில் கல்யாண வீட்டில்கூட ஒரு கப் கம்பங்கூழ் வைத்தார்கள். அந்த 2023-24இல் ஒதுக்கீடு 82 கோடி. அடுத்த வருடம் 65.30 கோடி. 2025-26இல் 52.44 கோடி. கொண்டாட்டம் கூடக் கூடக் காசு இறங்கியிருக்கிறது. அதிகாரிகளிடம் கேட்டால் வேறு திட்டங்களிலும் பணம் இருக்கிறது, இதை மட்டும் பார்க்காதீர்கள் என்பார்கள். இருக்கலாம். டெப்போவில் வரிசையில் நிற்கிறவருக்கு எந்தத் தலைப்பில் பணம் இருந்தால் என்ன, விதை மூட்டை வந்ததா இல்லையா அதுதான் விஷயம்.

இப்போது நான் சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறேன். இந்த மானியம் எல்லாமே சோளத்தைத் தானியமாகப் பார்க்கிறது. எங்கள் பக்கம், உசிலம்பட்டி, பேரையூர், சேடபட்டி, கல்லுப்பட்டி என்று சுற்றிப் பாருங்கள், சோளம் போடுகிறவர்களில் பாதிப் பேர் மாட்டுக்காகத்தான் போடுகிறார்கள். நாத்துக்கு விதைப்பது என்று சொல்வோம். நெருக்கமாக விதைத்தால்தான் தட்டை, அதாவது கதிர் போக மிச்சமிருக்கும் தண்டும் தாளும், மெலிசாக வரும், மாடு மிச்சம் வைக்காமல் தின்னும், நெல்லு வைக்கோல் போட்ட மாட்டுக்கும் சோளத்தட்டை போட்ட மாட்டுக்கும் பால் கறக்கும்போதே வித்தியாசம் தெரியும். தீவனத்துக்கு விதைக்கப் பல்கலைக்கழகமே சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 40 கிலோ, ஏக்கருக்கு 16 கிலோ. டெப்போவில் கொடுப்பது தானியக் கணக்கில். மீதிக்கு வெளியில் வாங்க வேண்டியதுதான், அல்லது போன வருடக் கதிரில் எடுத்துவைத்தது.

சித்தப்பா கணக்கு வைப்பதே தனி மாதிரி. போன மாசியில் கதிரை அறுத்துக் களத்தில் போட்டு அடித்துத் தூற்றி, உள்ளூர் வியாபாரியிடம் குவிண்டால் 2,600க்குப் போட்டார். ஏக்கருக்கு நாலு குவிண்டால் தேறியது. தட்டையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, வீட்டு மாட்டுக்குப் படப்பு போட்டது போக மிச்சத்தை அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த காளை வளர்ப்பவர்களுக்கு விற்றார். வண்டியைக் கொண்டுவந்து அவர்களே ஏற்றிக்கொண்டு போனார்கள், பேரம்கூடப் பெரிதாகப் பேசவில்லை. "தானியத்தை வித்த காசு கூலிக்கும் டிராக்டருக்கும் போச்சு, தட்டையை வித்த காசுதாண்டா நம்ம காசு" என்றார். "அப்ப எதுக்கு சித்தப்பா கதிர் அறுக்குறீங்க, நாத்தாவே வெட்டிர வேண்டியதுதானே?" என்றேன். "கோழிக்கு என்னத்த போடுறது? உங்க அப்பத்தா கேக்குற பணியாரத்துக்கு எங்க போறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அப்பத்தா பணியாரம் அப்படி.

இந்தத் தட்டை விஷயம் ஆராய்ச்சி செய்பவர்களுக்குத் தெரியாததில்லை. 1964இல் சிஎஸ்எச் 1 என்று நாட்டின் முதல் வீரியச் சோளம் வந்தது. குட்டை ரகம், கதிர் பெரிது, தட்டை கம்மி. "கதிரு மட்டும் ஆகுறதுக்கு மாடு என்ன பாவம் பண்ணுச்சு" என்று ஒதுக்கிய ஆட்களை இன்றும் ஊரில் பார்க்கலாம். அதே நேரம் 1901இலிருந்து கோவில்பட்டியில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம் நம்ம கரிசல் மாதிரி மானாவாரிக் காட்டுக்காகவே வேலை பார்க்கிறது, அங்கிருந்து 2015இல் வந்த கே 12 தானியமும் கொடுக்கும், தட்டையும் கொடுக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ 30, கோ 32 இரண்டும் அதே மாதிரி இரண்டுக்குமான ரகங்கள். தீவனத்துக்கென்றே கோ எஃப்எஸ் 29 இருக்கிறது, தண்ணீர் வசதி இருந்தால் அறுக்க அறுக்கத் தழைக்கும். ரகம் கண்டுபிடித்தவர்களுக்குப் புரிந்தது திட்டம் போட்டவர்களுக்குப் புரியவில்லையா என்றால், புரியாமல் இல்லை, இலாகா பிரித்துவிட்டார்கள். தானியம் என்றால் வேளாண்மைத் துறை, தீவனம் என்றால் கால்நடைத் துறை. ஒரே காடு, ஒரே பயிர், மேல்பாதி ஒரு ஆபீஸ், கீழ்பாதி இன்னொரு ஆபீஸ்.

நாட்டு இருங்குச் சோளம் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். கறுத்த உமி, கூழுக்கு நல்ல ருசி, வறட்சியைத் தாங்கும், தட்டையும் ஆள் உயரத்துக்கு மேலே போகும். ஆனால் சான்று அட்டை கிடையாது, சான்று அட்டை இல்லாத விதைக்கு மானியம் கிடையாது. வீட்டில் குலுக்கையில் போட்டு வைத்துத் தலைமுறையாகக் காப்பாற்றிய விதைக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பதை அந்த மனிதர்களிடம் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேரும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை, புதிதாக நாத்துக்கு விதைக்கிறவர்களுக்கு. இளம் சோளப் பயிரில் மாட்டை விட்டுவிடாதீர்கள். முளைத்து முப்பது நாற்பது நாளுக்குள் இருக்கும் பயிரில், அதுவும் மழை இல்லாமல் வாடி நிற்கும்போது, சயனைடு விஷம் ஏறியிருக்கும். அறுத்த பிறகு அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் அப்படித்தான். நல்லா இருந்த மாடு அரை மணியில் நுரை தள்ளிச் சாய்ந்துவிடும், டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பூத்த பிறகு வெட்டிப் போடுங்கள், காயவைத்துப் போட்டால் இன்னும் நல்லது. வயசானவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், பட்டணத்திலிருந்து திரும்பி வந்து பண்ணை வைக்கிற தம்பிகளுக்காகச் சொல்கிறேன்.

சரி, தானியத்துக்கு வருவோம். மத்திய அரசு சோளத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2024-25இல் வீரியச் சோளம் குவிண்டால் 3,371, 2025-26இல் 3,699. பேப்பரில் படித்தால் நன்றாக இருக்கும். சித்தப்பா 2,600க்கு ஏன் போட்டார்? அந்த விலைக்கு எடுக்க இங்கே ஆளில்லை, அவ்வளவுதான். நெல்லுக்கு வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கமெல்லாம் கொள்முதல் நிலையம் திறக்கிறார்கள், ஈரப்பதம் பார்க்கிறார்கள், சண்டை நடக்கிறது, மழையில் மூட்டை நனைகிறது, இருந்தாலும் விலைக்கு எடுக்க ஒரு இடம் இருக்கிறது. சோளத்துக்கு ஊருக்கு ஊர் அப்படி ஒன்று கிடையாது. திருமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம், ஏலம் விடுவார்கள், ஆனால் ஏலத்தில் கேட்க வியாபாரி வேண்டுமே. நாலு மூட்டையை ஏற்றிக்கொண்டு போய் வண்டி வாடகை கொடுத்து நிற்பதைவிட ஊருக்குள் வருகிறவரிடம் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். அதே சோளம் மதுரை டவுனுக்குள் சிறுதானியக் கடையில் கிலோ எழுபது எண்பதுக்குக் கண்ணாடி பாக்கெட்டில் இருக்கிறது. கல்லு பொறுக்கி, சுத்தம் பண்ணி, பாக்கெட் போட்டதற்கு அவ்வளவா என்று கேட்டால் கடை வாடகை தெரியுமா என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

மக்காச்சோளம் ஏன் இந்தப் பக்கமெல்லாம் சோளத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது என்று மேடையில் ரொம்ப யோசிக்கிறார்கள். யோசிக்க ஒன்றுமில்லை. கோழிப் பண்ணைக்காரர்களின் ஆள் காட்டுக்கே வந்து எடை போட்டு எடுக்கிறார். 2018இல் படைப்புழு வந்து அடித்த அடியில் பலபேர் மருந்துக்கே கடன் வாங்கினார்கள், அப்பவும் மக்காச்சோளத்தை விடவில்லை. வாங்க ஆள் இருக்கிற பயிரை விவசாயி விட மாட்டான்.

சோளத்தை எதிர்த்து நிற்கிற இன்னொரு மானியம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை: ரேஷன் அரிசி. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து இலவசம். எங்கள் அப்பத்தா உரலில் சோளம் குத்திக் கை காய்ச்ச கதையை நான் கேட்டு வளர்ந்தவன், ரேஷன் அரிசியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வீட்டுக்கு இருபது கிலோ அரிசி சும்மா வரும்போது குத்திப் புடைத்துச் சோளச்சோறு பொங்க எந்தப் பொம்பளைக்கு நேரம் இருக்கு? ஊருக்குள் சாப்பிடும் ஆள் போனார், அதனால் ஊருக்குள் வாங்கும் ஆளும் போனார். இதைச் சரிபண்ணவும் ரேஷன் கடைதான் வழி என்று நினைக்கிறேன். 2023இல் நீலகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள், அதற்காக அந்தப் பக்கத்து விவசாயிகளிடமே கேழ்வரகு எடுக்கிறார்கள். கர்நாடகாவில் வட பக்கம் ரேஷனில் சோளமே கொடுக்கிறார்கள். மதுரை, தேனி, விருதுநகரில் கார்டுக்கு 2 கிலோ வெள்ளைச் சோளம், கேட்கிறவர்களுக்கு மட்டும் என்று கொடுத்துப் பார்க்கட்டுமே. பிடிக்காதவர்கள் அரிசி வாங்கிக்கொள்ளட்டும். ஆதரவு விலைக்கு எடுக்க ஒரு இடம் உண்டாகும், விதை மானியம் இல்லாமலேகூட ஆள் சோளம் போடும்.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். ராபி பருவத்தில், அதாவது ஐப்பசிவாக்கில் விதைக்கிற பருவத்தில், உணவுப் பயிர் என்றால் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரைதான் நம்ம பங்கு, பாக்கியை இரண்டு அரசும் கட்டுகின்றன. கட்டுங்கள், தவறாமல் கட்டுங்கள். ஆனால் உங்கள் காடு மட்டும் போனால் பணம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், மகசூலை அந்தப் பகுதிக்கு மொத்தமாக அறுவடைப் பரிசோதனை வைத்துத்தான் பார்ப்பார்கள். மயில் தின்றதற்கும் பன்றி உழுததற்கும் 2025 வரை இதில் வழியில்லாமல்தான் இருந்தது. மயிலைத் தொட்டால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டும், விதைத்த மறுநாளே முப்பது மயில் வரிசையாகக் கிளறிக்கொண்டு போனாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். சோளம் போடாதவர்களிடம் ஏன் போடவில்லை என்று கேட்டால் விலைக்கு முன்னால் மயிலைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் அடங்கல், எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுதி வைக்கும் அரசுக் கணக்கு. இதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுவது. காட்டில் சோளம் நிற்கும், அடங்கலில் போன வருடம் போட்ட பருத்தியே இருக்கும். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைக் காடு காடாக அனுப்பினார்கள், பாவம், அந்தப் பிள்ளைகள் பாம்புக்கும் நாய்க்கும் பயந்துகொண்டே போட்டோ எடுத்தார்கள். எப்படி எடுத்தாலும் உங்கள் சர்வே எண்ணில் என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் இன்னும் கவனம். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்து, அஞ்சு பங்காளிகளில் மூன்று பேர் வெளியூரில் இருந்தால், மானியம் எந்த ரூபத்தில் வந்தாலும் உங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடும். குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கு) உழுகிறவர்களுக்கு அதுவும் இல்லை, பட்டாக்காரர் மதுரையில் இருந்துகொண்டு பிஎம் கிசான் 6,000 வாங்குவார், வெயிலில் நிற்பவருக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் வந்து கேட்கும்போது நான் சொல்லும் பதில் எனக்கே பிடிப்பதில்லை.

ஆடிக்கு முன்னால் செய்ய வேண்டியது, இதை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் எடுத்தாச்சா என்று பாருங்கள், இனி எந்தத் திட்டத்துக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்கு ஆதாரில் இருக்கும் செல் நம்பருக்கு ஓடிபி வரும். எங்கள் கடையில் பெரும்பாலும் நின்றுபோவது இந்த இடத்தில்தான்: அய்யா இங்கே நிற்பார், ஓடிபி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் போனுக்குப் போகும், அவன் மிஷின் சத்தத்தில் போனை எடுக்க மாட்டான், பத்து நிமிஷத்தில் அது காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆகவே உங்கள் கையில் இருக்கும் நம்பரை ஆதாரில் ஏற்றிவிட்டு வாருங்கள். உழவன் செயலியில் கோடை உழவுக்கும் விதைக்கும் முன்பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரை நேரில் பிடியுங்கள், விதை எப்போது வரும் என்று அவருக்குத்தான் தெரியும். கே 12 கேளுங்கள், தீவனத்துக்கென்றால் கால்நடை மருந்தகத்திலும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

ரேஷனில் சோளம் கேட்டு கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு தட்டி வைத்திருக்கிறேன், ஒரே பக்கம்தான். தீவன விதை அளவையும் அதிலேயே சேர்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட நினைப்பவர்கள் கடைக்கு வாங்க, சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இருப்பேன். இதற்கு ஜெராக்ஸ் காசு வாங்க மாட்டேன்.